பிஆர் ஃபைல் ஓடிக்கொண்டிருக்கிறது, படிக்கப் போகலாமா?

கேள்வி: வணக்கமுங்க. எனக்கு ஆனைமலைப் பக்கம். வயது 29. பிஎஸ்சி நர்சிங் முடித்து, ஆறு வருடமாகக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் வேலை. கனடாவில் குடியேற ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், சுகாதாரப் பிரிவுத் தேர்வுச் சுற்றில் (டிரா) அழைப்பு வந்து, மார்ச் கடைசியில் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பம் போட்டுவிட்டேன். இதற்கு நடுவில், போன வருடமே விண்ணப்பித்திருந்த இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. பப்ளிக் ஹெல்த்தில் மாஸ்டர்ஸ், இரண்டு வருடம், செப்டம்பரில் வகுப்பு. ஒன்று ஒன்டாரியோவில், இன்னொன்று மான்ட்ரியலில். ஒன்டாரியோவில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் வருடத்துக்கு 34,000 கனடா டாலர். பிஆர் இருந்தால் 11,000தான். கனடா குடிவரவுத் தளத்தில் எனக்கு அக்கவுன்ட் திறந்து கொடுத்த ஏஜென்ட், "ஸ்டடி விசா போட்டுறலாம், ஆனா பிஆர் போட்டிருக்கறத அதுல காட்டாதீங்க, காட்டினா ரெண்டும் போயிரும்" என்கிறார். அப்பா, "வெள்ளை ஈயும் வேர்வாடலும் வந்த பொறகு தென்னந்தோப்ப வெச்சிருந்து என்ன கண்ணு, மூணு ஏக்கர்ல பாதிய வித்துப்போடலாம், நீ போ" என்கிறார். அம்மாவுக்குத் தை மாதம் கல்யாணத்தை முடித்து அனுப்ப வேண்டும் என்று. பிஆர் வரும்வரை காத்திருப்பதா, படிக்கப் போவதா?

பதில்: அம்மிணி, கட்டணம், தோப்பு, கல்யாணம் மூன்றும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யக்கூடியவை. ஏஜென்ட் சொன்னது அப்படியில்லை. அதை முதலில் முடித்துவிடுகிறேன்: மறைக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து ஸ்டடி பர்மிட் கேட்பவர்கள் நிரப்பும் படிவம் ஐஎம்எம் 1294. அதில் ஒரு கேள்வி வரும்: இதற்கு முன் கனடாவுக்குள் வரவோ தங்கவோ விண்ணப்பித்திருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். 'இல்லை'யில் டிக் அடி என்பதுதான் உங்கள் ஏஜென்ட் சொல்வதன் அர்த்தம். பிஆர் ஃபைலும் ஸ்டடி பர்மிட் ஃபைலும் போவது கனடாவின் ஒரே குடிவரவுத் துறைக்கு. அதே பெயர், அதே பிறந்த தேதி, அதே பாஸ்போர்ட் எண். அதிகாரி உங்களைத் தேடினால் மார்ச் மாத ஃபைல் அவர் திரையில் வந்து நிற்கும். உண்மையை மறைத்ததாக முடிவானால் அங்கே குடிவரவுச் சட்டத்தின் 40வது பிரிவு பாயும். ஐந்து வருடம் கனடாவுக்குள் நுழைய முடியாது. அந்த ஐந்து வருடத்தில் பிஆருக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. எது போய்விடும் என்று ஏஜென்ட் பயமுறுத்துகிறாரோ, அது அவர் சொல்கிறபடி செய்தால்தான் போகும்.

இந்தப் பயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாணவர் அனுமதி தற்காலிகமானது. காலம் முடிந்தால் கிளம்பிவிடுவேன் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். பிஆருக்குப் போட்டவள் எங்கே கிளம்பப் போகிறாள் என்று அவர் நினைக்கலாம்தானே? நினைக்கலாம். அதற்காகத்தான் அதே சட்டத்தில் 22(2) என்று ஒரு உட்பிரிவு வைத்திருக்கிறார்கள். நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதே ஒருவர் தற்காலிகமாக வருவதற்குத் தடையாகாது. அனுமதித்த காலம் முடிந்ததும் வெளியேறுவார் என்று அதிகாரிக்குத் திருப்தி வந்தால் போதும். எங்கள் குடிவரவு ஆலோசனைத் தொழிலில் இதை 'டூயல் இன்டென்ட்' என்போம். அதனால் ஸ்டடி பர்மிட்டோடு நீங்கள் வைக்கும் விளக்கக் கடிதத்தில் பிஆர் ஃபைல் எண்ணையே முதல் பத்தியில் எழுதுங்கள். இன்ன தேதியில் போட்டேன், முடிவு வரவில்லை, மறுத்துவிட்டால் படிப்பை முடித்து ஊர் திரும்புவேன் என்று நேராகச் சொல்லுங்கள். அதற்குத் துணையாக, திரும்பி வந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வோம் என்று மருத்துவமனை ஒரு கடிதம் கொடுத்தால் நல்லது. அம்மா அப்பா இங்கே இருப்பது, வீடு, அப்பா பேரில் உள்ள தோப்பின் பட்டா, சிட்டா நகல். இவையெல்லாம் உங்களை ஊரோடு கட்டி வைத்திருக்கும் கயிறுகள் என்று அதிகாரி பார்ப்பார்.

அப்பாவின் யோசனை இடிப்பது இங்கேதான். தோப்பை விற்றுக் கட்டணம் கட்டினால், திரும்பி வருவதற்கு ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்கும்போது காட்ட வேண்டிய சாட்சியையே விற்ற மாதிரி ஆகிவிடும். தோப்புக்குத் திரும்ப வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. எனக்குப் பெரிய கவலை அதுதான்: குடியேற்றத் தொகை, அதாவது அங்கே போய்க் குடியமரக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணம். இந்தியாவில் இருந்துகொண்டு, இந்திய அனுபவத்தை வைத்து வந்த அழைப்பு என்பதால் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் என்ற பிஆர் வழியில்தான் போட்டிருப்பீர்கள். அந்த வழியில், கையில் வேலை வாய்ப்பு இல்லாதவர் தனியாள் என்றால் 15,263 டாலர் காட்ட வேண்டும். இது 2025 ஜூலையில் அறிவித்த அளவு. வருடா வருடம் ஏற்றுவார்கள். விண்ணப்பம் போடும் அன்று மட்டும் இருந்தால் போதாது, விசா கையில் தரும் நாளிலும் அந்தப் பணம் இருக்க வேண்டும். கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது. நிலம், வீட்டின் மதிப்பைக் காட்டினால் செல்லாது. வங்கிக் கடிதத்தில் இன்றைய இருப்போடு கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பும், நிலுவையில் உள்ள கடன்களும் இருக்க வேண்டும்.

இப்போது ஸ்டடி பர்மிட் பக்கம் வாருங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் தனியாள் மாணவர் ஒரு வருடப் பிழைப்புக்கு 22,895 டாலர் காட்ட வேண்டும். அது போக முதல் வருடக் கட்டணம், பயணச் செலவு. டாலருக்கு 62 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், கட்டணம் 21 லட்சம், பிழைப்புக்கு 14 லட்சம் சொச்சம், இதற்கு மேல் தொடாமல் வைத்திருக்க வேண்டிய குடியேற்றத் தொகை ஒன்பதரை லட்சம். ஜிஐசியில் (பிழைப்புச் செலவுக்கென்று கனடா வங்கியில் முன்கூட்டியே போடும் வைப்பு) போட்ட பணமும் என் பணம்தானே என்று கேட்பீர்கள். அது மாதாமாதம் உங்கள் வாடகையாகவும் அரிசியாகவும் கரையும். டிசம்பரில் பிஆர் அதிகாரி புது வங்கிக் கடிதம் கேட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

சில வருடங்களுக்கு முன் பவானியிலிருந்து ஒரு தம்பி என்னிடம் வந்தார். ஃபைலைப் போட்டது வேறு யாரோ. மறுப்புக் கடிதம் வந்த பிறகுதான் என்னிடம் வந்தார். பிஆர் போட்டுவிட்டு, அதே சேமிப்புக் கணக்கிலிருந்து ஒரு படிப்புக்கு முன்பணமும் முதல் டெர்ம் கட்டணமும் கட்டியிருக்கிறார். பாஸ்புக்கை மேசைமேல் விரித்துக் காட்டினார். ஏழு மாதம் பத்து லட்சத்துக்கு மேலேயே நின்ற இருப்பு, ஒரே வரியில் இரண்டே முக்காலுக்கு இறங்கியிருந்தது. அதிகாரி புதுக் கடிதம் கேட்டதும் மாமா ஒருவர் எட்டு லட்சத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறார். போட்ட தேதிக்கும் வங்கிக் கடிதத்தின் தேதிக்கும் நடுவில் இரண்டே நாள். மாமா அது அன்பளிப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துகூடப் போடவில்லை. "எங்க மாமன் குடுத்த காசுதானுங்க, கடன் இல்லீங்க" என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குத் தெரிகிறது தம்பி, அந்தத் தாளுக்குத் தெரியாதே. அவர் மறுபடி அழைப்பு வாங்க இரண்டு வருடம் ஆனது.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது: குடியேற்றத் தொகைக்கு உங்கள் பேரில் தனிக் கணக்கு. ஏற்கெனவே காட்டிய கணக்கு என்றால் அது அப்படியே இருக்கட்டும். படிப்புக்கான பணம் வேறு கணக்கில் வரட்டும், போகட்டும். இந்தக் கணக்கில் ஒரு ரூபாய் தொடக் கூடாது.

இனி தோப்பு. உங்கள் அப்பா சொல்வதில் உள்ள வலி எனக்குப் புரிகிறது. நானும் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண்தான். வேர்வாடல் வந்த மரத்தை வெட்டச் சொல்லி ஆள் விடும் நாளில் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள். ஆனாலும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், விலை கொடுத்து வாங்க முடியாது. படிக்கப் போகிறவர்களையும் ரிசர்வ் வங்கி 2003லிருந்து என்ஆர்ஐ கணக்கில்தான் சேர்க்கிறது. பத்து வருடம் கழித்துச் சம்பாதித்து, விற்ற ஒன்றரை ஏக்கரை உங்கள் பேரில் மீட்டுவிடலாம் என்று அப்பா மனதில் ஒரு கணக்கு இருந்தால், அந்தக் கணக்கு நடக்காது. ஒரே பெண் என்றால் இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

விற்க வேண்டாம், அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி ஈடு கேட்கும். தோப்பை ஈடாகக் கொடுக்கிறேன் என்றால் மேனேஜர் தலையைச் சொறிவார். சர்ஃபாசி என்ற கடன் மீட்புச் சட்டத்தின்படி விவசாய நிலத்தை வங்கி நேராகக் கைப்பற்றி ஏலம் விட முடியாது, 31வது பிரிவு அதை விலக்கி வைத்திருக்கிறது. அதனால் பெரிய கல்விக் கடனுக்கு வங்கிகள் வீட்டையோ சைட்டையோ கேட்கும். ஆனைமலையிலோ பொள்ளாச்சியிலோ அப்ரூவல் வாங்கிய மனை ஏதாவது குடும்பத்தில் இருந்தால் அதை வைத்து முயலுங்கள். கடன் ஸ்டடி பர்மிட்டுக்குச் செல்லும். பிஆர் குடியேற்றத் தொகைக்குச் செல்லாது. கலக்கக் கூடாது. கூடவே ஒரு சின்ன லாபம்: வங்கிக் கல்விக் கடனிலிருந்து நேராகப் போகும் கட்டணத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே பிடிக்கும் வரி) பிடித்தம் கிடையாது. கைக்காசு அனுப்பினால் நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டியதற்குப் பிடிப்பார்கள். வருமான வரித் தாக்கலில் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

போவதா, காத்திருப்பதா? என் யோசனை: ஒன்டாரியோ ஆஃபரைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பங்களுக்குத் துறை சொல்லும் கால அளவு ஆறு மாதம். மார்ச் கடைசியில் போட்டது செப்டம்பர் கடைசியில் வந்து நிற்கிறது. வகுப்பு தொடங்குவது செப்டம்பர் முதல் வாரம். இந்த மூன்று நான்கு வாரத்துக்காகவா 34,000 டாலர் கட்டணத்தில் போய் உட்கார வேண்டும்? ஆறு மாதம் என்பது உத்தரவாதமில்லை, இழுக்கவும் செய்யும். இருந்தாலும் அடுத்த சேர்க்கைக்கு முன் முடிவு வந்துவிட வாய்ப்பு அதிகம். சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் மூன்றே கேள்வி கேளுங்கள். ஜனவரி அல்லது அடுத்த செப்டம்பருக்கு இடத்தைத் தள்ளிவைக்க முடியுமா? கட்டிய முன்பணம் கூடவே வருமா? படிப்புக்கு நடுவில் பிஆர் வந்தால் எந்தத் தேதிக்குள் சான்று கொடுத்தால் அந்த டெர்முக்கே உள்நாட்டுக் கட்டணம் போடுவீர்கள்? போனில் யாரோ சொன்னதை நம்பாதீர்கள். எழுத்தில் பதில் வரட்டும்.

மூன்றாவது கேள்வி ஏன் முக்கியம் என்றால், தள்ளிவைக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் உங்கள் முடிவு அதை வைத்துத்தான். பொதுவாகப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு டெர்மிலும் ஒரு கடைசித் தேதி வைத்திருக்கும். அதற்குள் பிஆர் ஆனதற்குச் சான்று கொடுத்தால் அந்த டெர்மிலிருந்து உள்நாட்டுக் கட்டணம். முடிந்துபோன டெர்மின் பணம் திரும்ப வராது. அப்படிப் பார்த்தால் நீங்கள் இழப்பது இரண்டு வருடத்துக்குமான வித்தியாசம் இல்லை. வருடத்துக்கு வித்தியாசம் 23,000 டாலர். பிஆர் டிசம்பருக்குள் வந்தால் ஒரு டெர்ம், 11,500 டாலர், ஏழு லட்சம் சொச்சம். ஒரு வருடம் இழுத்தால் பதினான்கு லட்சம். உங்கள் அப்பா மனதில் இரண்டு வருட முழுக் கணக்கு, இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் தோப்பில் பாதி என்கிறார். காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். மூத்தவர்கள் தொகையைக் கேட்டால் பதறுவார்கள், கணக்கைப் பார்த்தால் நிதானமாவார்கள்.

மான்ட்ரியல் ஆஃபரை மறந்துவிடுங்கள், அந்த ஊர் கியூபெக் மாகாணத்தில் இருக்கிறது. ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் வழியில் போடுகிறவர் கியூபெக் மாகாணத்துக்கு வெளியே வசிக்கும் எண்ணம் உள்ளவராக இருக்க வேண்டும். கியூபெக்குக்கு அதற்கென்று தனித் தேர்வு முறை இருக்கிறது. வேறு மாகாணத்தில் குடியேறப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஃபைல் நடக்கும்போதே மான்ட்ரியலில் இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்தால் அதிகாரி காரணம் கேட்பார். பதில் சொல்ல முடியும் என்றாலும், இருக்கிற தலைவலி போதாதா?

இவ்வளவு சொல்லிவிட்டு, ஒரு கேள்வி நான் கேட்கிறேன். அந்த மாஸ்டர்ஸ் எதற்கு? பொதுச் சுகாதாரத்தில் ஆராய்ச்சி, அரசுத் துறை வேலை, கொள்கை வகுக்கும் வேலை என்று மனதில் இருந்தால் தாராளமாகப் படியுங்கள். ஆனால் ஐசியூ நர்ஸாகவே வேலை பார்க்க வேண்டும், கனடாவில் ஒரு பட்டம் இருந்தால் சீக்கிரம் எடுப்பார்கள் என்ற நினைப்பில் போகிறீர்கள் என்றால், அந்தப் படிப்பு உங்களுக்கு நர்ஸ் உரிமம் வாங்கித் தராது. உரிமம் தருவது அந்தந்த மாகாணத்தின் செவிலியர் ஒழுங்குமுறை அமைப்பு. கியூபெக் நீங்கலாக மற்ற மாகாணங்கள் 2015 ஜனவரியிலிருந்து என்கிளெக்ஸ்–ஆர்என் என்ற நர்ஸ் உரிமத் தேர்வைத்தான் வைக்கின்றன. அந்தத் தேர்வை இந்தியாவிலிருந்தே எழுதலாம். உங்கள் நர்சிங் கல்லூரி, கிண்டியில் உள்ள எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் மூன்றிடமும் காகிதம் நகர்த்தவே சில மாதம் பிடிக்கும். இங்கே இருக்கும்போது பஸ் ஏறிப்போய்க் கேட்கலாம், அங்கே போய்விட்டால் யாரை அனுப்புவீர்கள்?

பலர் கவனிக்காத இன்னொன்று. உரிமம் தரும் அமைப்புகள் சமீபத்தில் நர்ஸாக வேலை பார்த்த அனுபவம் இருக்கிறதா என்று கேட்கும். எத்தனை வருடத்துக்குள் என்பது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஐசியூவை விட்டுவிட்டு இரண்டு வருடம் வகுப்பறையில் உட்கார்ந்தால் உங்கள் கையில் இருக்கும் ஆறு வருட அனுபவம் அந்தக் கண்ணுக்குப் பழையதாகிக்கொண்டே போகும். ஆறு மாதம் காத்திருப்பது வீண் என்று நினைக்காதீர்கள். பகலில் டியூட்டி, ராத்திரியில் என்கிளெக்ஸ் புத்தகம், நடுவில் காகிதம். சம்பளமும் வந்துகொண்டிருக்கும். படிப்பு வேண்டுமென்றால் பிஆராகப் போய், உள்நாட்டுக் கட்டணத்தில், பகுதி நேர நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். மாணவராகப் போனால் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை. பிஆருக்கு அந்த வரம்பு இல்லை.

சீக்கிரம் போனால் குடியுரிமைக்கு நாள் சேருமே என்று சிலர் சொல்வார்கள். பிஆர் ஆவதற்கு முன் மாணவராகக் கழித்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகத்தான் சேரும், அதிகபட்சம் 365 நாள். நான்கு மாதம் முன்னால் போனால் இரண்டு மாதம் சேரும். ஏழு லட்சத்துக்கு இரண்டு மாதம்!

கல்யாணம். அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: தை மாதம் வைப்பது தப்பில்லை, சொல்லாமல் வைப்பதுதான் தப்பு. பிஆர் ஃபைல் முடிவதற்கு முன், கனடாவில் பிஆராகத் தரையிறங்கும் முன், எந்த நாளில் தாலி ஏறினாலும் அதைத் துறைக்குத் தெரிவித்து மாப்பிள்ளையை ஃபைலில் சேர்க்க வேண்டும். அவர் உடனே கூட வராவிட்டாலும் சேர்க்க வேண்டும், மெடிக்கலும் போலீஸ் சான்றும் அவரும் கொடுக்க வேண்டும். அப்படிச் சேர்க்காமல் விட்ட கணவரைப் பிறகு ஸ்பான்சர் செய்து கூப்பிட முடியாது. 117(9)(டி) என்ற விதி. இதில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் வேறு வேறு நாட்டில் வாழும் ஜோடிகளை நான் பார்த்திருக்கிறேன். "ரிஜிஸ்டர் பண்ணலீங்க, கோயில்ல தாலி மட்டும் கட்டினோம்" என்று சொல்லித் தப்பலாம் என்று நினைக்காதீர்கள், முந்நூறு ஒறம்பரை சாப்பிட்டுப் போன கல்யாணம் அது, போட்டோ எல்லார் போனிலும் இருக்கும். மாப்பிள்ளை சேர்ந்தால் குடும்பம் இரண்டு பேர் ஆகும், குடியேற்றத் தொகை 19,001 டாலர் ஆகும், ஃபைலும் கொஞ்சம் தாமதமாகும். பிஆர் தாளைக் கையில் வாங்கி ஒருமுறை இறங்கிவிட்டு வந்து கல்யாணம் செய்தால், அதன் பிறகு ஸ்பான்சர் செய்யலாம். அவர் சில காலம் இங்கே காத்திருக்க வேண்டியிருக்கும். எது உங்கள் இரு வீட்டுக்கும் ஒத்துவரும் என்பது நான் சொல்லும் விஷயமில்லை. நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைப் பேசிவிடுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

எல்லாம் யோசித்த பிறகும் செப்டம்பரிலேயே போகிறேன் என்றால், சுருக்கமாக. அரசுப் பல்கலைக்கழக மாஸ்டர்ஸ் என்பதால் 2026 ஜனவரியிலிருந்து மாகாண ஒப்புதல் கடிதம் தேவையில்லை. பிஆருக்காக எடுத்த மெடிக்கல் 12 மாதம் செல்லும், அந்த எண்ணையே கொடுங்கள். ஸ்டடி பர்மிட் மறுக்கப்பட்டால், நேர்மையாகப் போட்டிருக்கும் வரை, அது பிஆர் ஃபைலைக் கொல்லாது. மறுப்பை மட்டும் அங்கே தெரிவித்துவிடுங்கள். வேலையை விட்டதையும், முகவரி மாறியதையும், கனடாவுக்குள் வந்துவிட்டதையும் துறையின் வெப்ஃபார்ம் (இணையப் படிவம்) வழியாகப் பிஆர் ஃபைலில் சேருங்கள். பிஆர் போட்டிருக்கிறேன் என்பதே அங்கே தங்குவதற்கு உரிமை தராது; பர்மிட் தேதி முடிவதற்குள் நீட்டிப்புக்குப் போட்டால், முடிவு வரும்வரை பழைய நிபந்தனையிலேயே படிக்கலாம். பிஆர் முடிவு வரும்போது நீங்கள் கனடாவுக்குள் இருந்தால் இணையத்திலேயே உறுதிசெய்வார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கும் நேரத்தில் அந்த மின்னஞ்சல் வந்தால், இந்தியாவில் இருக்கிறேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். கனடாவில்தான் இருக்கிறேன் என்று அழுத்திவிடாதீர்கள். உறுதியான அன்றே பல்கலைக்கழகத்துக்குச் சான்றை அனுப்புங்கள். 9ல் தொடங்கும் தற்காலிக சின் (சமூகக் காப்பீட்டு) எண்ணையும் மாற்றிக்கொள்ளுங்கள். பிஆர் மறுக்கப்பட்டாலும் உங்கள் ஸ்டடி பர்மிட் அதனால் ரத்தாகாது, படிப்பை முடிக்கலாம். மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு மூன்று வருட வேலை அனுமதி வரை வாய்ப்பு உண்டு.

கடைசியாக அந்த ஏஜென்ட். காசு வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு ஆலோசனை சொல்பவர், அங்கே வழக்கறிஞராகவோ, கனடாவின் குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் (பெயர்தான் கல்லூரி, உரிமம் தரும் அமைப்பு அது) உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். அந்தக் கல்லூரியின் இணையப் பட்டியலில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். என் பெயரையும் தட்டிப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். உரிமம் உள்ளவர் என்றால் உங்கள் ஃபைலில் ஐஎம்எம் 5476 படிவத்தில் தன் பெயரையும் எண்ணையும் போட்டுக் கையெழுத்திடுவார். அக்கவுன்ட் திறந்து கொடுத்தது அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த அக்கவுன்டுக்குள் நுழையும் உங்கள் ஜிசிகீ பாஸ்வேர்டும், மீட்புக் கேள்விகளுக்கான பதிலும், ஒருவேளை அதில் கொடுத்த மின்னஞ்சலும் அவர் கையில் இருக்கின்றன. இன்று ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பும் முன் மூன்றையும் மாற்றுங்கள். மாற்றிவிட்டு உள்ளே போய், மார்ச்சில் உங்கள் பேரில் என்னென்ன எழுதி அனுப்பியிருக்கிறார் என்று முதல் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். தப்பு ஏதாவது கண்ணில் பட்டால் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.